பித்தளைக் குடத்தின் ஒடுக்கை வீட்டிலேயே எடுக்கும் முறை

சீதனமாக வந்த பித்தளைக் குடம் ஒடுங்கிய வயிற்றோடு மூலையில் கிடப்பதை மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இன்றும் காணலாம். வாய் குறுகலானதால் சுத்தியலை உள்ளே விட முடியாது. ஆனால் வேறு வழி உண்டு.

முதலில் குடத்தைக் கழுவி உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளீயப் பூச்சு இருந்தால் அது 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் மறுபடி வெள்ளீயம் பூச வேண்டிவரும்.

அடிபட்ட பித்தளை இறுகிப்போயிருக்கும். அப்படியே தட்டினால் விரிசல் விடும். ஆகவே காற்றோட்டமான, வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒடுக்கைச் சுற்றி மங்கிய சிவப்பு தெரியும்வரை மட்டும் எரிவாயுச் சுவாலையை ஓட்டுங்கள். நுவரெலியாவின் விடியற்குளிரில் சிறிய பியூட்டேன் புட்டியின் அழுத்தம் குறைந்து சுவாலை சோர்ந்துவிடும். நண்பகலில் செய்வதே என் விருப்பம். சூடான பித்தளை எளிதில் உடையுமாதலால், முழுதும் ஆறிய பின்னரே தட்ட வேண்டும்.

இனித்தான் பொறுமை வேண்டிய கட்டம். நீண்ட உருக்குக் கம்பியின் ஒரு நுனியை மேல்நோக்கி வளைத்து, அதை உருண்டையாக அராவி மெருகிடுங்கள். மறுமுனையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கும் கருவியில்) இறுக்கி, மெருகிட்ட நுனி ஒடுக்கின் உட்புறத்தைத் தொடுமாறு குடத்தைக் கம்பியில் மாட்டுங்கள். வைஸுக்கு அருகே கம்பியைச் சுத்தியலால் தட்டினால், கம்பி அதிர்ந்து, நுனி துள்ளி, உள்ளிருந்து பித்தளையை வெளியே தள்ளும். நுனி இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே விரல் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் விரலில் உறைக்கும். ஒடுக்கின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச்சுற்றி நடுவை நோக்கி வாருங்கள். நடுவிலேயே அடித்தால் சுற்றிலும் மடிப்பு விழுந்துவிடும். ஓசை கணீரென்று மாறத் தொடங்கினால் உலோகம் மீண்டும் இறுகுகிறது என்று பொருள். நிறுத்தி, இன்னொருமுறை சூடாக்குங்கள்.

எஞ்சிய மேடுகளுக்குக் கொட்டாப்புளியே (மரச் சுத்தியலே) போதும். இரும்புச் சுத்தியல் தழும்பு விடும். கருமையைப் புளியும் உப்பும் போக்கும்.

பின்சேர்க்கை: அலுமினியப் பானைக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருந்தும், ஆனால் அலுமினியம் சிவக்காமலேயே 660 பாகையில் உருகிவிடும். சவர்க்காரத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அது கறுத்தவுடன் சுவாலையை எடுத்துவிடுங்கள்.