முதல் மேடையில் கிட்டார்: கை நடுங்கினாலும் பாட்டு நடுங்காமல் வாசிப்பது எப்படி?

முதல் தடவை நாலு பேர் முன்னால் கிட்டார் வாசிக்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பயம் போக என்ன செய்வது? நேராகவே சொல்லிவிடுகிறேன், அது போகாது. வாழ்நாள் முழுக்க மேடை ஏறிய செல்லோ மேதை பாப்லோ கசால்ஸையே மேடைப் பயம் கடைசிவரை விடவில்லை. ஆனால் பயந்துகொண்டே ஒழுங்காக வாசிக்க முடியும். அதற்கென்று தனியாகப் பயிற்சி இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். மூன்று நான்கு வாரம் கையில் இருந்தால் நல்லது. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் 2, 5, 6 ஆகிய படிகளை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள்.

படி 1: உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆபத்து என்று மூளை நினைத்ததும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ரத்தத்தில் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் சில்லிட்டுப் போகிறது. தசைகள் இறுகி லேசாக நடுங்குகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் வறள்கிறது. ஓடித் தப்பிக்கவோ சண்டை போடவோ அருமையான ஏற்பாடு. கார்ட் என்பது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களால் பிடிக்கும் பிடி; அதிலும் கடினமான எஃப் கார்ட் பிடிப்பதற்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

கிட்டாரில் இதெல்லாம் எப்படித் தெரியும்? இடது கை தேவைக்கு மேல் அழுத்தும். தந்தி இழுபட்டு சுருதி கொஞ்சம் ஏறிவிடும். வலது கையில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வழுக்கும். பாட்டின் வேகம் உங்களுக்கே தெரியாமல் கூடும். ஒவ்வொரு விரலாக மீட்டும் ஃபிங்கர்பிக்கிங்கில் நடுக்கம் அப்படியே கேட்கும்; கையை வீசி வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்கில் அவ்வளவாகத் தெரியாது. கீழே வரும் படிகள் இந்த நாலைந்து தொல்லைகளைச் சமாளிக்கத்தான். (இடது, வலது என்று நான் சொல்வது வலதுகைக்காரர்களுக்கு. இடதுகைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்கு இது பழகியிருக்கும்.)

படி 2: சுலபமான பாட்டை எடுங்கள்

உங்களுக்குத் தெரிந்ததிலேயே கடினமான பாட்டை வாசித்து அசத்தத் தோன்றும். அது இரண்டாவது மேடைக்கு இருக்கட்டும். பேசிக்கொண்டே இருந்தாலும் கை தன்பாட்டுக்கு வாசிக்குமே, அந்த மாதிரிப் பாட்டுதான் முதல் மேடைக்குச் சரி. இரண்டு பாட்டு வாசிப்பதாக இருந்தால், எளிதானது முதலில். அட்ரினலின் வேகம் பெரும்பாலும் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும். சில நிமிடங்களில் கொஞ்சம் அடங்கும், அப்போது அடுத்த பாட்டு வரட்டும்.

பார் கார்ட் (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பிடி) இருந்தால் கேப்போ (கிட்டாரின் கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்தும் கிளிப்) போட்டுத் தப்பிக்க முடியுமா என்று பாருங்கள். உதாரணமாக, பாட்டு பி ஃப்ளாட் சுருதியில் இருக்கிறது. பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஜி மைனர் என்று கார்ட்கள் வருகின்றன. நான்குமே புதியவரின் கையைக் கடிக்கும். கேப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிகள் பிரிக்கும் கட்டம்) போட்டால் அதே பாட்டை ஜி, சி, டி, ஈ மைனர் என்று, சில தந்திகளை அழுத்தாமலே விடும் திறந்த கார்ட்களிலேயே வாசித்துவிடலாம். கேட்பவர்கள் காதுக்கு சுருதி ஒன்றுதான். இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள், தொழில்முறைக் கலைஞர்களும் செய்வதுதான்.

படி 3: இடது கைக்குத் தளரக் கற்றுக்கொடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான், அதிகம் பலன் தருவதும் இதுதான்.

மூன்றாவது தந்தியில், ஐந்தாவது ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் விரலைச் சும்மா வையுங்கள். அழுத்தாதீர்கள். தந்தியை மீட்டினால் 'டப்' என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் 'ஸ்ர்ர்' என்று இரையும், அப்புறம் ஒரு கட்டத்தில் ஸ்வரம் சுத்தமாக வந்துவிடும். அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவு அழுத்தம் போதும். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் கைவலிக்குத்தான். நிறையப் பேருக்கு இதைச் செய்து பார்த்தபிறகுதான், இத்தனை நாள் எவ்வளவு வீணாக அழுத்தியிருக்கிறோம் என்று புரியும்.

இதையே ஒரு ஜி கார்டில் செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே தலைகீழாகச் செய்யுங்கள்: முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்து வாசியுங்கள், வாசித்துக்கொண்டே மெல்லத் தளர்த்தி அந்தச் சரியான அழுத்தத்துக்கு வாருங்கள். மேடையில் கை இறுகத்தான் போகிறது, அதைத் தடுக்க முடியாது. இறுகிய கையைப் பாட்டின் நடுவில் எப்படித் தளர்த்துவது என்று கை கற்றிருக்க வேண்டும். பாட்டிலேயே இதற்கு ஓரிரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள். பல்லவி முடியும் இடம், சரணம் தொடங்கும் இடம் மாதிரி. அந்த இடம் வரும்போதெல்லாம் மூச்சை வெளியே விட்டு, தோள்களை இறக்கி, கட்டைவிரலைத் தளர்த்துங்கள்.

படி 4: நிதானமாகவும் வாசிக்கப் பழகுங்கள்

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 100 தட்டில் வாசிக்கும் பாட்டு என்றால், 90-இலும் தடுமாறாமல் வாசிக்க வர வேண்டும். கேட்க எளிது, ஆனால் பழகிய பாட்டை மெதுவாக வாசிப்பது பலருக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. மேடையில் 90 என்று மனதில் வைத்துத் தொடங்குங்கள், பதற்றம் மிச்சத்தைச் சேர்த்துவிடும். வேகத்தை எங்கிருந்து எடுப்பது? பாட்டில் சொற்கள் நெருக்கமாக வரும் வரியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். அது நெரிசல் இல்லாமல் வருகிற வேகம்தான் உங்கள் வேகம்.

படி 5: வீட்டிலேயே மேடையைக் கட்டுங்கள்

வீட்டில் பத்தாவது தடவை நன்றாக வருவது கணக்கில் சேராது. மேடையில் ஒரே தடவைதான், அதுவும் கை சூடேறாத நிலையில். அதனால் தினமும் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள்: வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது எழுந்து வந்து, கிட்டாரை எடுத்து, சுருதி பார்த்து, ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, பாட்டை ஒரே தடவை முழுதாக வாசியுங்கள். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது, திரும்ப எடுக்கவும் கூடாது. அன்றைய கணக்கு அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரியும் ஃபோன்கூட எவ்வளவு பயமுறுத்தும் என்று பார்ப்பீர்கள்.

இது பழகியதும், வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் குதியுங்கள், அல்லது மாடிப்படி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே உட்கார்ந்து வாசியுங்கள். பயத்தில் அடிக்கும் நெஞ்சும் இதுவும் அச்சாக ஒன்றில்லை. ஆனாலும் படபடக்கும் உடம்போடு விரல்களை வேலை வாங்குவது எப்படி என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஆட்கள். முதலில் ஒருவர், பிறகு மூன்று நான்கு பேர். வீட்டு ஆட்களைவிட அதிகம் பழகாத ஒருவர் முன் வாசிப்பது நல்ல பயிற்சி. மேடையில் நின்று வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதெல்லாம் நின்றுகொண்டேதான் நடக்க வேண்டும். ஸ்ட்ராப் மாட்டி நின்றதும் கிட்டார் கழுத்தின் கோணம், உங்கள் மணிக்கட்டு எல்லாம் மாறிவிடும். அந்த அதிர்ச்சி மேடையில் வேண்டாம்.

படி 6: தப்புக்கும் ஒத்திகை பாருங்கள்

தப்பு வரும். அதற்கு ஒரே விதிதான்: வலது கை நிற்கக் கூடாது. கார்ட் மாற்றம் தவறினால், இடது கை விரல்களைத் தந்திகள்மேல் லேசாகப் படர வைத்து ஒலியை அடக்குங்கள். வலது கை 'சக் சக்' என்று தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த கார்டில் சேர்ந்துகொள்ளுங்கள். இதை வீட்டில் வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கார்டை விட்டுவிட்டு, தாளம் அறுபடாமல் அடுத்ததைப் பிடியுங்கள். தாளம் ஓடினால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தப்பு நடந்ததே தெரியாது. நீங்கள் முகத்தைச் சுளித்தால்தான் தெரியும்.

அதோடு, பாட்டில் மூன்று நான்கு இடங்களிலிருந்து நேராகத் தொடங்க வர வேண்டும். முதலிலிருந்து மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர் நடுவில் விட்டால் மறுபடி முதலுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். பாடுகிறவர்கள் வரி மறந்தால் அதே கார்ட் சுற்றை இன்னொரு முறை வாசித்துக்கொண்டே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

சரி, முற்றிலும் நின்றேபோனால்? 2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் பரிசு விழாவில், பரிசு பெற்ற பாப் டிலன் வரவில்லை; அங்கே அவருடைய பாட்டைப் பாடிய பாடகி பேட்டி ஸ்மித்துக்கு அதுதான் நடந்தது. எத்தனையோ ஆண்டுகள் மேடை கண்டவர், நடுவில் தடுமாறி நின்றார். மன்னிக்கவும், ரொம்பப் பதற்றமாக இருக்கிறது என்று சொல்லி, அந்த இடத்தை மறுபடி தொடங்கச் சொன்னார். அரங்கம் கைதட்டியது, அவர் பாடி முடித்தார். அவ்வளவுதான் ஆகும்.

படி 7: கிட்டாரைத் தயார் செய்யுங்கள்

புதுத் தந்தி மாட்டுவதானால் சில நாள் முன்பே மாட்டுங்கள். அன்றைக்கு மாட்டிய தந்தி இழுபட்டு இழுபட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப உதவும் கருவி) உள்ள அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் பேட்டரியை மாற்றிவிடுங்கள், பெரும்பாலும் 9 வோல்ட். பையில் ட்யூனர், கேப்போ, கேபிள், ஒரு செட் தந்தி, நான்கைந்து பிக். வியர்த்த விரலில் வழுவழுப்பான பிக் நிற்காது, சொரசொரப்பானதாக வாங்குங்கள்.

படி 8: மேடைக்கு முந்தைய அரை மணி நேரம்

காபி வேண்டாம், ஏற்கெனவே ஓடும் இதயத்தை அது இன்னும் விரட்டும். மதுவும் வேண்டாம், பயத்தைக் குறைக்குமோ என்னவோ, விரலை மழுங்கடிக்கும். நடுக்கத்தைக் குறைக்க சில இசைக் கலைஞர்கள் ப்ரொப்ரனலால் மாத்திரை போடுவது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.

விரல் சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். பாட்டின் கடினமான இடத்தை அவசர அவசரமாக வாசித்துப் பார்க்காதீர்கள், மெதுவாக கார்ட்களை மட்டும் மாற்றுங்கள். மூச்சு: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஏழெட்டு எண்ணும் வரை வெளியே. வெளியே விடும்போதுதான் இதயத்துடிப்பு சற்று இறங்கும், அதனால் அது நீளமாக இருக்கட்டும்.

'பயப்படாதே' என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. 2014-இல் ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில் சிலரைக் கரோக்கி பாட வைத்தார்கள். பாடும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொன்னவர்கள், 'பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்களைவிடச் சுருதியும் தாளமும் சேர்ந்து பாடினார்கள். உடம்பில் நடப்பது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் பேரை மாற்றுவது லேசாக நடக்கிறது. வாய்விட்டே சொல்லிப் பாருங்கள், கூச்சமாக இருந்தாலும்.

படி 9: மேடையில் முதல் ஒரு நிமிடம்

அவசரப்படாதீர்கள். உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். ஒலி அமைப்பாளர் மியூட் செய்திருப்பதை உறுதிசெய்துகொண்டு கேபிளைச் செருகுங்கள், இல்லாவிட்டால் 'டமார்' என்று சத்தம் வரும், உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். மைக்கை வாய்க்கு நேராக வையுங்கள். வெளியே சுருதி சேர்த்திருந்தாலும் மேடை விளக்கின் சூட்டில் மாறியிருக்கும், மறுபடி பாருங்கள். இந்த வேலைகளைச் செய்யும் நேரத்தில் கை அந்த இடத்துக்குப் பழகிவிடும்.

'ரொம்பப் பிராக்டிஸ் இல்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் நடுக்கம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மேடைப் பேச்சுக்கு முன் இந்த உண்மை சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். நீங்கள் இப்போது அதைப் படித்துவிட்டீர்கள்.

பெயர், பாட்டு, இரண்டே வாக்கியம். மூச்சை வெளியே விடுங்கள். சொற்கள் நெருக்கமாக வரும் அந்த வரியை (படி 4) மனதில் ஓட்டுங்கள். காலால் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தொடங்குங்கள். யாரையும் நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் கடைசி வரிசைக்கு மேலே பாருங்கள், ஃப்ரெட் போர்டைப் பார்த்தாலும் தப்பில்லை. கடைசி கார்டை மட்டும் அடிபட்டதுபோல் வெடுக்கென்று விட்டுவிடாதீர்கள், ஒலி அடங்கும்வரை கையை எடுக்காமல் இருங்கள்.

இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கை நடுங்கும், அது சகஜம். வீடியோவை அன்று ராத்திரியே பார்க்காதீர்கள், தப்பு மட்டும்தான் கண்ணில் படும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திருத்த வேண்டியது ஒன்றே ஒன்றை எழுதி வையுங்கள். அப்புறம் அடுத்த வாய்ப்புக்கு, முடிந்தால் ஒரு மாதத்துக்குள், பெயர் கொடுத்துவிடுங்கள். அதே பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை.