பருத்தியை அறுக்காதீர்கள்: வேளாண்மைச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டெல்டாவில் அரிசி அறுவடை மும்முரம்' என்று ஒரு தலைப்பு பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. எழுத்துப் பிழை இல்லை, ஒற்றுப் பிழையும் இல்லை. ஆனால் வயலில் அரிசி ஏது? வயலில் நிற்பது நெல். உமி நீங்கினால்தான் அரிசி, உலையில் வெந்தால் சோறு. ஆங்கிலக்காரர்களுக்கு மூன்றுக்கும் ஒரே சொல் போதும், நமக்குப் போதாது. மொழிபெயர்ப்புச் செயலிகளின் புண்ணியத்தில் 'அரிசி வயல்', 'அரிசிப் பயிர்' எல்லாம் இப்போது சர்வசாதாரணம். ஒரு சிறுகதையில் கதாநாயகி கூடையிலிருந்து நெல்லை எடுத்து ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். நெல்லை விதைப்பார்கள். நடுவது நாற்றை.

எனக்கு அதிகம் உறுத்துவது, எல்லாப் பயிரையும் 'அறுவடை' செய்துவிடுவது. அறுப்பு என்றால் அரிவாள் வேண்டும். நெல்லை அறுக்கலாம், கேழ்வரகுக் கதிரை அறுக்கலாம். கரும்பை வெட்டுவார்கள், வாழைத்தாருக்கும் வெட்டுதான். நிலக்கடலையைச் செடியோடு பிடுங்கிப் போட்டு, அப்புறம் உட்கார்ந்து காயை ஆய்வார்கள். தேயிலையில் பறிப்பது கொழுந்து. பருத்தியை எடுப்பார்கள். வெடித்த காயிலிருந்து பஞ்சை விரல் நுனியால் இழுத்து மடியில் சேர்க்கிற வேலை அது. செடி அப்படியே நிற்கும், அடுத்த காய்கள் வெடித்ததும் மறுபடி வந்து எடுக்க வேண்டும். அங்கே போய் 'பருத்தியை அறுத்தார்கள்' என்று எழுதினால் அந்த வருஷ வெள்ளாமையே போயிற்று என்று பொருள். அரசு அறிக்கைக்கு ஒரு பொதுச்சொல் தேவை, அங்கே அறுவடை இருந்துவிட்டுப் போகட்டும். கதையிலும் கட்டுரையிலும் அந்தந்தப் பயிருக்கு உரிய வினையைப் போடுங்கள்.

'அறு' என்பதிலிருந்து வந்ததால் அறுவடைக்கு வல்லின 'ற'. 'அருவடை' தவறு. குறுவையும் இப்படித்தான். ஜூன் வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 120 நாளுக்குள் வீடு வந்து சேரும் குறுகிய காலப் பயிர் என்பதை நினைத்துக்கொண்டால் 'குருவை' என்று எழுத வராது. குறுவையை அறுத்தபின் நிற்கும் தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. 'தாலடி', 'தாழடி' இரண்டும் கிடையாது. ஏர் உழுவதற்கு, ஏறு என்றால் காளை. 'ஏர் தழுவுதல்' என்று பொங்கல் சமயத்தில் எங்காவது அச்சாகிவிடுகிறது. கலப்பையைக் கட்டிப்பிடிப்பதில் என்ன வீரம்?

களை என்ற சொல்லில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'கலை எடுத்தார்கள்' என்பது வெறும் எழுத்துப் பிழை, திருத்திவிடலாம். வேடிக்கை 'களைகட்டு' என்பதில் இருக்கிறது. 550ஆம் குறளில் களைகட்டல் என்றால் களையைப் பிடுங்கி எறிவது. இன்று 'திருவிழா களைகட்டியது' என்றால் பொலிவு கூடியது, முகக்களை என்கிறோமே, அந்தக் களை. ஆகவே 'வயல் களைகட்டியது' என்று எழுதும் முன் ஒரு தடவை யோசியுங்கள். நெல் வயலில் களையைக் கையால் பறிப்பார்கள், புஞ்சையில் களைக்கொத்தால் வெட்டுவார்கள்.

ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொற்கள்தான் வெளியூர்க்காரரைக் கவிழ்த்துவிடும். கொங்குப் பக்கத்தில் ஒருவர் "காட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க" என்றால் அவர் தன் நிலத்துக்குப் போகிறார். அதை 'வனத்துக்குள் சென்றார்' என்று மாற்றி எழுதியவர்கள் உண்டு. அங்கே தோட்டம் என்பது கிணற்றுப் பாசன நிலம், பூச்செடி வைத்த இடம் அல்ல. தஞ்சைப் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். விழுப்புரம் பக்கம் கேழ்வரகும் கடலையும் விளையும் புஞ்சை நிலம். புஞ்சை எல்லாமே மானாவாரி என்று நினைப்பதும் தவறு. கிணறு வெட்டிப் பாசனம் செய்தாலும் பத்திரத்தில் அது புஞ்சையாகவே இருக்கும். மானாவாரி என்றால் மழையை மட்டும் நம்பியிருப்பது.

உமி, தவிடு, பதர் மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நெல்லின் மேல்தோல் உமி. அதற்குள் அரிசியை ஒட்டியிருப்பது தவிடு. மணியே பிடிக்காத வெறும் கூடு பதர். களத்தில் காற்றில் தூற்றும்போது பறப்பது பதரும் தூசியும்தான், உமி அல்ல.

பதருக்கு இன்னொரு பேரும் உண்டு: சாவி. 'பூக்கிற நேரத்துல மழை புடிச்சு எல்லாம் சாவியாப் போச்சு' என்று ஒரு விவசாயி சொன்னதைச் செய்தியாளர் அப்படியே எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் அதைத் திருத்தாமல் என்னிடம் கொண்டுவந்தாள். "அண்ணா, இது எதோட சாவி? வரி ஏதும் விட்டுப்போச்சா?" கேட்டதே பெரிய காரியம்; இன்னொருவர் 'திறவுகோல்' என்று திருத்தியிருப்பார். செய்தியாளர் பையில் அந்த வயலின் கதிர் ஒன்று கிடந்தது. பார்வைக்கு நல்ல நெல்தான். ஒரு மணியை உருவிக் கொடுத்தேன். நகத்தால் அழுத்திப் பார்த்தாள், பட்டென்று தட்டையாகிவிட்டது.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே அண்ணா."

வரியை அப்படியே விடச் சொன்னேன்.