தொங்கும் பத்துமணிப் பூச்செடி நடுவில் மொட்டையானால்

தொங்கு தொட்டியில் பத்துமணிப் பூ (டேபிள் ரோஸ்) கீழே நீளமாக வழிந்து, நடுவில் மொட்டையாகிவிட்டால் புதுச் செடி வாங்க வேண்டாம். தொங்கும் தண்டுகளைப் பாதிக்குக் கிள்ளி, விரல் நீளத் துண்டுகளாக அதே தொட்டியின் நடுவில் செருகிவிடுங்கள்.

நுனி இருக்கும்வரை தண்டு நீளத்தான் பார்க்கும். கிள்ளினால் கணுக்களில் பக்கக் கிளை வெடிக்கும். பூ கிளை நுனியில்தான் வரும், ஆகவே கிளை கூடினால் பூவும் கூடும். தண்டே நீரைச் சேமித்து வைத்திருப்பதால் செருகிய துண்டு சட்டென்று வாடாது, பத்து நாளில் வேர் பிடித்துவிடும். செருகிய அன்று லேசாகத் தெளித்தால் போதும். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இந்தச் செடி தாகத்தில் சாவதைவிடக் கவனிப்பில் சாவதுதான் அதிகம்!

பெங்களூரில் இதற்குத் தோதான காலம் பிப்ரவரி முதல் மே வரை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழையில் செருகினால் துண்டு அழுகும். செய்தே ஆகவேண்டுமென்றால் கூரைக்கு அடியில், மணல் கலந்த செம்மண்ணில் வையுங்கள். வெறும் தேங்காய் நார்த்தூள் வேண்டாம், ஈரம் விடாது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் வேர் மெதுவாகத்தான் வரும்.

பால்கனியில் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. செடி தழைக்கும், பூ திறக்காது. பெட்டூனியாவுக்கும் கிள்ளுவது நல்லதுதான், ஆனால் கிள்ளிய துண்டு இவ்வளவு சுலபமாக வேர் விடாது.