நான்கு பொருள், ஒரே எடை: முதல் கேக் சுடுபவர்களுக்கு

தெரிந்தவர் ஒருவர் சுட்ட கேக்கைச் சாப்பிட்டு அசந்துபோய்ச் செய்முறை கேட்டேன். "ரெண்டு கப் மைதா, கொஞ்சம் வெண்ணெய், அரை மணி நேரம்" என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே சுட்டேன். கல்! அவர் மேல் தப்பில்லை. கரண்டியால் மைதாவைத் தூவி நிரப்பினால் ஒரு கப் 120 கிராம்தான் இருக்கும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தொட்டுவிடும். அதனால் இங்கே கப் கிடையாது. ஒரு சமையல் தராசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முட்டையை முதலில் நிறுங்கள்

3 முட்டையை உடைத்து ஊற்றி எடை பாருங்கள். ஏறக்குறைய 150 கிராம் வரும். அதே எடைக்கு உப்பில்லாத வெண்ணெய், சர்க்கரை, மைதா. அவ்வளவுதான் கணக்கு. பவுண்டு கேக் என்ற பெயரே இப்படி வந்ததுதான்: ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம். பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'நான்கு கால்பங்கு' என்கிறார்கள்.

இவற்றோடு மட்டமாக 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 1 தேக்கரண்டி வனிலா எசென்ஸ். பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடாவைப் போட்டுவிடாதீர்கள். சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இந்தக் கேக்கில் அது இல்லை, சோப்பு வாடைதான் மிஞ்சும். பவுடர் பழையதா என்று சந்தேகமா? வெந்நீரில் அரைக் கரண்டி போடுங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது.

2. ஓவனும் டின்னும்

170 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம் முன்பே சூடேற்றுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 150. 7 அங்குல வட்ட டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள்.

3. வெண்ணெயும் சர்க்கரையும்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று உருகத் தொடங்கியிருக்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு எடுத்து வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். முட்டையையும் கூடவே எடுத்துவிடுங்கள். சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மெல்லிய மணல் போல் ஆக்கினால் போதும், மாவாக்க வேண்டாம். அந்த மணிகள்தான் வெண்ணெயைக் குடைந்து காற்றை உள்ளே அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது. இங்கே காற்று ஏறாவிட்டால் அப்புறம் எதைப் போட்டும் பயனில்லை.

மின் பீட்டரில் 5 நிமிடம், கையால் என்றால் 10 நிமிடமாவது அடியுங்கள். கடிகாரத்தைவிடக் கிண்ணத்தைப் பாருங்கள். மஞ்சள் வெளுத்துத் தந்த நிறமாகும், அளவு கூடும், கரண்டியில் எடுத்தால் பஞ்சு போல் நிற்கும்.

4. முட்டை, பிறகு மாவு

முட்டையை லேசாகக் கலக்கி, இரண்டிரண்டு கரண்டியாக ஊற்றி அடியுங்கள். நடுவில் திரிந்த பால் போல் ஆனால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி மைதா தூவினால் சேர்ந்துவிடும். வனிலாவையும் விடுங்கள்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்துக் கொட்டி, அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் கலக்கினால் மாவில் இழுவை வந்து கேக் சவசவவென்று ஆகும்.

5. சுடுவது

40 முதல் 45 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி இன்னும் கூழாகத்தான் இருக்கும், சூடு இறங்கினால் அமுங்கிவிடும். ஓரம் டின்னை விட்டு விலகி, நடுவில் தொட்டால் எழும்பி, குச்சி சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது. 10 நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்த்து எடுங்கள். அப்போது வீடு முழுக்கச் சுற்றும் வாசனைக்காகவே நான் மறுபடி மறுபடி சுடுகிறேன்.

6. எழுதிக் கொடுப்பது

சாப்பிட்டவர்கள் கட்டாயம் செய்முறை கேட்பார்கள். கிராமில் எழுதுங்கள். டின்னின் அகலம், ஓவனில் விசிறி உண்டா என்பதையும் சேருங்கள். 'நன்றாக அடிக்கவும்' என்று எழுதாமல் 'தந்த நிறம் வரும்வரை' என்று எழுதுங்கள். தேக்கரண்டி என்றால் 5 மில்லி என்றும் குறியுங்கள். மேசைக்கரண்டி இன்னும் மோசம்: பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

நீங்கள் எங்கே சொதப்பினீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். என் தாளின் ஓரத்தில் இருப்பது: "குளிர்ந்த முட்டை ஊற்றித் திரிந்தது, 2 தடவை." அதைப் படித்தவர்கள் யாரும் இதுவரை குளிர்ந்த முட்டை ஊற்றவில்லை. கேக்கையும் ஒரு துண்டு நறுக்கி, தாளோடு கொடுத்தனுப்புங்கள். காற்றுப் புகாத டப்பாவில் 3 நாள் வரை மென்மை குறையாது.