கூட்டணுமா, கழிக்கணுமா?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வாழ்க்கைக் கணக்கு வந்தால் போதும், முதல் வரியைப் படித்ததுமே நிமிர்ந்து, "டீச்சர், கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதே இல்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்பேன். பார்க்காமல் கதையாகச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று பலர் குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இதைப் பாருங்கள்: பத்தமடையிலிருந்து அத்தை கொஞ்சம் பாய் கொண்டு வந்தாள். 14 விற்றுப்போயின, மீதி 9. கொண்டு வந்தது எத்தனை? 'மீதி' இருக்கிறதே என்று கழித்து 5 என்று எழுதும் பிள்ளையிடம், "5 பாய் கொண்டு வந்தவள் 14 பாயை எப்படி விற்றாள்?" என்று கேளுங்கள். விற்றதையும் வீட்டில் இருப்பதையும் மனசுக்குள் ஒரே அடுக்காக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 23 தானாக வரும்.

அப்புறம் அல்வா. கிலோ 320 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 750 கிராம் வாங்கி 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் கடைக்காரர் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஒரு பையன் 320-ஐ 750-ஆல் பெருக்கி 2,40,000 என்று எழுதினான். பெருக்கலில் தப்பே இல்லை, கிராமைக் கிலோவாக மாற்றத்தான் விட்டுவிட்டான். அதனால்தான் பென்சிலை எடுக்குமுன் உத்தேசமாக ஒரு விடை சொல்ல வைக்கிறேன்: ஒரு கிலோவுக்குக் குறைவு, அப்படியானால் விலை 320-க்குள்தான். பிறகு கேள்வியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். மிச்சம் தெரிய எது வேண்டும்? விலை. விலை தெரிய? 750 கிராம் முக்கால் கிலோ. கால் கிலோ 80, முக்கால் 240. 500-ல் 240 போனால் 260. இரண்டையும் கூட்டி 500 வருகிறதா என்று பார்த்துவிட்டு, 'கடைக்காரர் 260 ரூபாய் தர வேண்டும்' என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். வெறும் 260-க்கு நான் 'சரி' போடுவதில்லை.

வகுத்து மீதி வந்தால் கதைக்குத் திரும்பிப் போங்கள். குற்றாலத்துக்கு 37 பேர், வேனுக்கு 12 பேர். ஈவு 3, மீதி 1. அந்த ஒருவரை விட்டுவிட்டா போவோம்? 4 வேன்.

புத்தகக் கணக்கு தீர்ந்துபோனால் பேப்பரில் அணை நீர்மட்டம் பாருங்கள். பாபநாசம் அணை நிரம்ப 143 அடி. ஐப்பசி மழையில் 98 அடி இருக்கிறது, நாளுக்கு 3 அடி ஏறுகிறது என்றால் எத்தனை நாளில் நிரம்பும்? 143-ல் 98 போக 45; அதை 3-ஆல் வகுத்து 15 நாள் என்று பிள்ளை சொல்லும். சரிதான். அதற்குப் பிறகு, "மேலே போகப் போக அணை அகலமாகுதே, அதே மழைக்கு அதே 3 அடி ஏறுமா?" என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.