பழைய ஒலிபெருக்கியின் பிரம்புத் தட்டி: பழுது பார்ப்பதும் புதிதாகப் பூட்டுவதும்

இலங்கை வானொலி கேட்பதற்கென்றே பெட்டி வாங்கிய தலைமுறை திருநெல்வேலிச் சீமையில் உண்டு. அந்த வீடுகளின் பரணில் இன்றும் மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றின் முகப்பில் துணிக்குப் பதிலாக, நாற்காலி முதுகில் இருப்பது போன்ற கண்ணறைப் பிரம்புப் பின்னல் இருக்கும்; சட்டத்தோடு சேர்ந்த அந்தப் பின்னலைத்தான் தட்டி என்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நன்றாகப் பாடினாலும், தட்டி கிழிந்துவிட்டது என்பதற்காகவே பெட்டியைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கருக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு உளியும், ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், இரண்டு நாள் பொறுமையும் இருந்தால் இதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது உண்மையான பிரம்புதானா என்று பாருங்கள். பிரம்பு இழையின் முன்பக்கம் தோலோடு வழவழப்பாகவும், பின்பக்கம் நார் தெரியச் சொரசொரப்பாகவும் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் சற்று நேரத்தில் உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு உருண்டு நின்றால் அது பிளாஸ்டிக் இழை. இழை ஊறிப் பிரிந்தால் முறுக்கிய காகிதம். இந்த இரண்டுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தாது. காகிதப் பின்னலை நனைத்தால் இருப்பதும் போய்விடும்.

அடுத்து, தட்டியைப் பெட்டியிலிருந்து பிரிக்க வேண்டும். சிலவற்றில் சட்டம் முளைகளில் சொருகி நிற்கும். சிலவற்றில் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து திருகாணிகளை எடுக்க வேண்டியிருக்கும். முன்பக்கம் திருப்புளியைக் கொடுத்து நெம்பாதீர்கள். ஸ்பீக்கரின் காந்தம் இரும்புக் கருவியைத் தன்பக்கம் இழுக்கும். கை சற்று நழுவினால் கருவி காகிதக் கூம்பைக் குத்திக் கிழித்துவிடும். தட்டி கழன்றதும் கூம்பின்மேல் ஒரு அட்டையை ஒட்டி மூடிவிடுங்கள். இரும்பு நார்ப்பஞ்சை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அதன் பொடி காந்த இடுக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டால், அங்கே அசையும் கம்பிச்சுருள் அதில் உரசி ஒலி கரகரக்கும். பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

இப்போது நிதானமாக ஒரு முடிவெடுக்க வேண்டும். பின்னல் அறுபடாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் புதியது தேவையில்லை. தூரிகையால் தூசியைத் தட்டி, மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, தட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் நனைத்த துணியைப் பின்பக்கத்தில் அரை மணி நேரம் விரித்து வையுங்கள். தோல் பக்கம் தண்ணீரை ஏற்காது என்பதால்தான் கவிழ்க்கச் சொல்கிறேன். பிறகு நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் அதுவாகவே இறுகிவிடும். ஓரிரு இழைகள் மட்டும் அறுந்திருந்தால், பிரம்பு நாற்காலி பின்னுபவரிடம் அதே அகல இழை வாங்கி, நனைத்து, பழைய இழை போன வழியிலேயே மேலும் கீழுமாக நுழைத்து, நுனிகளைப் பின்பக்கம் ஒட்டிவிடலாம். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரு திசைக்கும் ஒவ்வொன்று என ஆறு இழைகள் சேர்ந்துதான் ஒரு கண் உருவாகிறது. அருகில் நல்ல கண் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நுழைத்தால் தவறாது. ஆனால் பின்னலில் ஊசித்துளைகளும், தட்டினால் மாவு போன்ற பொடியும் தெரிந்தால் அது உளுத்துவிட்டது. அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

புதிதாகப் பூட்டுவதற்கு, இயந்திரத்தில் பின்னிய பிரம்புப் பாய் சுருளாகக் கிடைக்கிறது. அரை அங்குலக் கண் உள்ளதுதான் அதிகம் புழக்கத்தில் இருப்பது. பழைய தட்டியின் கண்ணை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். ஜோடி ஒலிபெருக்கி என்றால் இரண்டுக்கும் ஒரே சுருளில், ஒரே திசையில் வெட்டி வாங்க வேண்டும். இல்லையென்றால் நிறமும் கண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். பக்கத்திலேயே பத்தமடை இருக்கும்போது கோரைப் பாயையே கட்டிவிட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நெருக்கமான நெசவில் காற்றுப் புகாது, கீச்சான உயர்சுருதி ஒலி அடைபட்டுப் போகும். எந்தத் தட்டியானாலும் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும்.

பழைய பின்னலை எடுக்கும் முறை சட்டத்தைப் பொறுத்தது. பிளைவுட்டில் பின்பக்கம் ஆணியடித்திருந்தால் குறட்டால் பிடுங்கினால் போதும். சட்டத்தைச் சுற்றி நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் பின்னலை இறக்கி, மேலே ஒரு பிரம்புப் பட்டையை அடித்துப் பூட்டியிருந்தால் வேலை சற்று அதிகம். பட்டையின் இரு ஓரங்களையும் கூர்மையான கத்தியால் கீறிவிட்டு, வெந்நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, சிறு தூரிகையால் காடியில் மட்டும் திரும்பத் திரும்ப விடுங்கள். பழைய பசை இளகியதும், காடியைவிடக் குறுகிய உளியால் ஒரு முனையிலிருந்து கிளப்புங்கள். அவசரப்பட்டால் காடியின் உதடு பெயர்ந்துவிடும். காடியில் பழைய பசை மிச்சமில்லாமல் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா வீட்டு ஒலிபெருக்கிக்கு முதன்முதலில் தட்டி போட்டபோது, நனைந்த பின்னலைப் பறைத்தோல் போல இழுத்துப் பூட்டினேன். மறுநாள் காலையில் சட்டம் வில்லாக வளைந்து நின்றது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏல, நாற்காலின்னா தேக்குச் சட்டம் தாங்கும். இந்தச் சோதாப் பலகை தாங்குமா?" என்றார். பிரம்பு நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். இழுக்கிற வேலையைக் காய்வதே செய்துகொள்ளும், நம் கை செய்ய வேண்டியதில்லை. ஒலிபெருக்கிச் சட்டம் மெலிந்தது என்பதால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். சட்டம் பெரியதாக இருந்தால் பின்பக்கம் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டிவிடுங்கள். அது ஸ்பீக்கர் கூம்புக்கு நேரே வராமலும், கூம்பு முன்னே வரும்போது தொடாமலும் இருக்க வேண்டும்.

சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாகப் பின்னலை வெட்டி, பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இரும்பு வாளி வேண்டாம், துருக்கறை ஏறும். இரவு முழுதும் ஊறப்போடுவதும் வேண்டாம், நிறம் மங்கும். காடியில் இறக்கும் பட்டையையும் கால் மணி நேரம் ஊறவையுங்கள். அது காடியைவிடச் சற்றே குறைவான அகலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னலும் அதோடு சேர்ந்து உள்ளே போகிறது.

ஊறிய பின்னலை வழவழப்பான பக்கம் மேலே வர விரித்து, இழைகள் சட்டத்தின் விளிம்புக்கு நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நாற்காலியில் அரை இழை கோணினால் உட்காருபவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கியோ நாள் முழுதும் எதிரே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள், அதில் கோணல் கண்ணை உறுத்தும். சட்டத்தின் நடுப்புள்ளியில் ஒரு கண்ணின் நடு வருமாறு வைத்துவிட்டால், இரு ஓரமும் சமமாக முடியும். ஜோடியில் இரண்டாவதையும் அப்படியே வையுங்கள்.

பிறகு மேல் விளிம்பின் நடுவில் ஒரு மர ஆப்பை வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிப் பின்னலைக் காடிக்குள் இறக்குங்கள். அடுத்து கீழ் விளிம்பின் நடு, பிறகு இடம், வலம். அதன்பின் மூலைகளை நோக்கிப் போக வேண்டும். கை கொடுக்கும் இழுவை, சுருக்கம் இல்லாமல் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். விரலால் அழுத்தினால் சற்றே தாழ வேண்டும். இடையில் உலரத் தொடங்கினால் ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். முழுவதும் இறங்கியதும், காடியின் வெளிச்சுவரை ஒட்டி, அதன் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உளியால் மிச்சத்தை நறுக்குங்கள். காடிக்குள் மர வேலைக்கான வெள்ளைப் பசையை மெல்லிய கோடாக விட்டு, பட்டையை வைத்து, மேலே ஒரு மரத்துண்டைக் கொடுத்துத் தட்டி இறக்குங்கள். மூலைகளில் பட்டையைச் சாய்வாக வெட்டிச் சேர்க்கலாம். எபாக்ஸி போன்ற கெட்டிப் பசை வேண்டாம். முப்பது ஆண்டுகள் கழித்து இதைப் பிரிக்கப் போகிறவர் நம்மைத் திட்டுவார்.

பூட்டிய சட்டத்தை ஒரு சமமான பலகையின்மேல் வைத்து, நான்கு பக்கமும் கவ்விகளால் இறுக்கி, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். என் சட்டம் வளைந்ததற்கு இந்த ஒன்றைச் செய்யாததும் காரணம். மாசி, பங்குனி இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கம் என்றால் சாரல் நாட்களிலும் இதைத் தொடங்காதீர்கள்; காயத் தாமதமாகிப் பூஞ்சை பிடிக்கும்.

புதிய பிரம்பு வெளிறித் தெரியும். தோல் பக்கம் சாயம் ஏற்காது என்பதால் அரக்கு பாலிஷில் சிறிது நிறம் கலந்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை கொடுக்கலாம்; முதலில் வெட்டிய மிச்சத்தில் பூசிப் பாருங்கள். என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடுவேன். சில ஆண்டுகளில் அதுவே தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

கூம்பு வெளியே தெரியக் கூடாது என்றால், மூச்சு எளிதாகப் புகும் மெல்லிய கறுப்புத் துணியைச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டுங்கள். தட்டியை மாட்டிய பிறகு, கைபேசியிலிருந்து 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை இந்த ஒலிபெருக்கி வழியாக ஓடவிட்டுக் கேளுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் கிர்ரென்று அதிர்ந்தால், சட்டத்தை விரலால் அங்கங்கே அழுத்துங்கள். அழுத்தியதும் எங்கே அதிர்வு நிற்கிறதோ, அங்கே சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு துண்டுக் கம்பளித் துணியை ஒட்டிவிட்டு, மறுபடியும் 40-இலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள்.