கடலோரத்தில் 12 நாள் வரைய: கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சோழமண்டலம் போகிறவர்களுக்கு

மே மாதம் பள்ளிக்கூடம் இல்லை. என்னைப் போன்ற பகுதி நேர ஓவிய ஆசிரியர்களுக்கு அந்த மாதம் சம்பளமும் கிடைத்ததில்லை. காவேரிப்பட்டணத்தில் கத்திரி வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைவிட, கையில் இருக்கிற காசுக்குக் கடற்கரையில் உட்கார்ந்து வரையலாம் என்று 2017இல் முதல் முறை கிளம்பினேன். கொரோனா காலத்து 2 வருஷம் தவிர, அப்புறம் எல்லாக் கோடையிலும் போய் வருகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளும் தர்மபுரிப் பக்கத்துச் சிநேகிதிகளும் "அங்க போய் எப்படி இருக்கறது டீச்சர், யாரைக் கேக்கறது?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போகிற இடத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966இல் தொடங்கியது. நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய், தூரிகையையே தொடாமல் போய்விடுகிறார்களே என்ற கவலை அவருக்கு. அதனால் எல்லோரும் கைவேலை செய்தார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் வேலைதான் அதில் முக்கியம். அதை விற்ற காசில்தான் அந்த மணல் நிலத்தை வாங்கினார்கள். ஒரு பொழுது வயிற்றுக்குக் கைவேலை, மறுபொழுது யாருக்காகவும் இல்லாத சொந்தப் படம் என்று வாழ்ந்தார்கள். அந்தக் கிராமத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்தக் கணக்குதான்.

ஆகவே உங்கள் மே மாதப் பயணத்துக்கான வேலை தை மாதத்திலேயே தொடங்க வேண்டும். நான் கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பையில் கையால் வரைந்து கொடுக்கிறேன். மாவிலை, கிளி, பொண்ணு மாப்பிள்ளை பெயர், அவ்வளவுதான். ஒரு பைக்கு 15 ரூபாய் கூலி. தையிலும் மாசியிலும் 2 கல்யாணம் வந்தால் 12 நாள் செலவுக்குப் போதும். கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கடன் காசில் போனால் ஒவ்வொரு தாளும் நன்றாக வந்தே ஆக வேண்டும் என்ற பயம் வந்துவிடும். பயந்த கை வரையாது.

தங்குவதற்கு: அங்கே வெளியூர்க் கலைஞர்களுக்கு அறை தருவதுண்டு. ஆனால் முன்கூட்டியே கேட்டு, கிடைத்தது என்று உறுதியான பிறகே கிளம்புங்கள். நான் பாலவாக்கத்தில் சின்னம்மா மகள் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பேருந்தில் போய் வருகிறேன். சொந்தக்காரர் வீடு என்றாலும் சும்மா போய் இறங்காதீர்கள். அந்த நேரம் நம் ஊரில் செந்தூரா மாம்பழம் வந்திருக்கும், பெங்களூராவும் வரத் தொடங்கியிருக்கும். ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 250 கிலோமீட்டர். ராத்திரி வண்டி பிடித்தால் விடியும்போது போய்ச் சேரலாம். தர்மபுரிக்காரர்கள் மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். எப்படிப் போனாலும் திருவான்மியூர் போய், அங்கிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே போகிற பேருந்தில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்க வேண்டும்.

மூட்டை கட்டுவதில்தான் நம் ஊர்க்காரர்கள் தப்புச் செய்கிறோம். நமக்குப் பழக்கமானது வறண்ட காற்று. பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீர்வண்ணம் பூசினால் அடுத்த தீற்றலுக்குள் முந்தைய தீற்றல் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். கடற்கரையில் தலைகீழ். விடியற்காலையில் பூசிய வானம் அரை மணி நேரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கும். அதனால் ஒரே சமயத்தில் 2, 3 தாளில் வேலை செய்யுங்கள். ஒன்று காய்வதற்குள் இன்னொன்று. தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) இருந்தால் நல்லது. மெல்லிசுத் தாள் ஈரக்காற்றிலேயே நெளிந்துவிடும். மொத்தத் தாளையும் பாலிதீன் உறைக்குள் போட்டு, வேண்டும்போது ஒன்றொன்றாக எடுங்கள். அக்ரிலிக் வண்ணம் கொண்டுபோகிறவர்கள் தண்ணீர் தெளிக்கிற சின்ன பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றாக இருந்தாலும் மத்தியானக் கடற்காற்று வேகமாக அடிக்கும்போது தட்டில் பிழிந்த வண்ணம் தோல் கட்டிவிடும். இரும்புக் கிளிப், தகர வண்ணப்பெட்டியின் கீல் இதெல்லாம் 4 நாளில் துருப்பிடிக்கும். தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அப்புறம், உட்கார உரச்சாக்கு ஒன்று, நெற்றியில் கட்ட ஒரு துண்டு. துண்டு இல்லையென்றால் வியர்வை சொட்டியே பாதிப் படம் போய்விடும்.

வீட்டிலிருந்து ராகி மாவும் கொண்டுபோங்கள். ராத்திரி கரைத்துக் காய்ச்சி வைத்துவிட்டு, காலையில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் 11 மணி வரை பசிக்காது.

கடற்கரைக்குத் தண்ணீரும் தங்குகிற இடத்திலிருந்துதான் கொண்டுபோக வேண்டும், வண்ணம் கரைக்கிற தண்ணீரைக்கூட. முதல் வருஷம் கடல் தண்ணீரிலேயே வண்ணம் கரைத்தேன். உப்பு காய்ந்து தாளில் பூப்பூவாக விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது. அந்த ஆசையில் 9 படம் அப்படியே போட்டேன். ஆனால் உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். பிரித்தபோது 4 படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்ததும் ஒன்றின் கடல் இன்னொன்றின் முதுகில் வந்துவிட்டது. உப்புப் பூ வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் பூசி, ஈரத்தின் மேல் சமையல் உப்பை ஒரு சிட்டிகை தூவி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். தாள்களுக்கு நடுவே நியூஸ் பேப்பர் கட்டாயம்.

இனி ஒரு நாளை எப்படி வகுத்துக்கொள்வது என்று சொல்கிறேன். மே மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் கடலிலிருந்து கிளம்பிவிடும். ஐந்தரைக்கே மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்முடையது கிழக்குக் கடற்கரை என்பதை மறக்கக் கூடாது. காலையில் வெளிச்சம் எதிரே இருந்து வருவதால் படகு, ஆள், காக்கை எல்லாம் கறுப்பு வடிவமாகத் தெரியும், கடல் தகடு மாதிரி மின்னும். அந்த நேரத்தில் வண்ணத்தைத் தேடாதீர்கள். ஒரே ஒரு கறுப்பு மையை வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் போடுங்கள். சாயங்காலம் 4 மணிக்கு மேல் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடலின் நீலமும் பச்சையும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். வண்ண வேலை எல்லாம் அப்போது. இது புரியாமல் முதல் வருஷம் காலை வெயிலில் நீலத்தைத் தேடிக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

நிழலையும் புதிதாகப் பழக வேண்டும். நம் கருங்கல் மலையில் நிழல் என்றால் வெட்டி வைத்த மாதிரி அடர்த்தியாக இருக்கும். கடற்கரையில் மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் படகின் அடிப்பக்கம்கூடப் பழுப்பு மஞ்சளாக ஒளிரும். மணல்மேட்டில் படர்கிற அடும்பங்கொடியை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலை, ஊதாப் பூ. அந்த இலையின் நிழலுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணினாலே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

பக்கத்தில் மீனவர் குப்பம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை, குப்பத்துச் சின்னப் படகுகள் போய் வந்துகொண்டுதான் இருக்கும். படகு கரை ஏறுகிற நேரத்தில் நடுவே போய் நிற்காதீர்கள், அது அவர்களுக்கு ஓட்டமான நேரம். மீனெல்லாம் போன பிறகு வலையைப் பிரித்துப் போட்டு உட்காருவார்கள் பாருங்கள், அப்போது போய்க் கேளுங்கள். கேட்காமல் ஒரு கோடும் போடக் கூடாது.

நான் கேட்டபோது ஒரு பெரியவர், "வரைஞ்சிக்கோமா. மூஞ்சி வாணாம், கையப் போடு" என்றார். அவர் சொன்னதால்தான் கையை உற்றுப் பார்த்தேன். கிழிந்த இடத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடிக்கிறார். நைலான் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி வலது கையில். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு கணம் நசுக்கிப் பிடித்து விடுகின்றன. 3 நாள் அதையே வரைந்தேன். மூன்றாம் நாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊசி மேலேர்ந்து எறங்காதுமா. கண்ணிக்குக் கீழேர்ந்து மேல வரும். நீ போட்ட மாதிரி பின்னுனா முடிச்சு நிக்காது" என்றார். அவர் சொன்னது சரி. ஊசி வருகிற திசை தெரியாமல் விரலின் மடிப்பை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறேன். அன்றைக்கு அவரிடமே ஊசியை வாங்கி 10 முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டு, பிறகு வரைந்ததுதான் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. வரைகிற வேலையை ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள்.

ஒன்பதரைக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. மேல்காற்று அனலாக அடிக்கும். கடற்காற்று பெரும்பாலும் மத்தியானத்துக்குத்தான் திரும்பும். அதுவரை நிழலில் இருங்கள். குளிக்கலாம் என்று கடலில் இறங்காதீர்கள். அந்தக் கரையில் அலை உள்ளே இழுக்கும், ஏரியில் நீந்திப் பழகியவர்களுக்கும் ஆபத்துதான்.

அந்த வெயில் நேரத்துக்கு ஏற்றது கிராமத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம். 2009இல் திறந்தது. எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு 2 படம் போதும், ஒவ்வொன்றின் முன்னாலும் அரை மணி நேரம். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க முடியாது; ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் வரும். "இதுக்கு என்ன அர்த்தம்" என்று தேடாமல், வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய ஜாதக நோட்டைப் புரட்டுகிற மாதிரி பாருங்கள். மைக்கோடுகளில் விருப்பம் உள்ளவர்கள் கே. ராமானுஜத்தின் படங்களை விடாதீர்கள். கோட்டின் மேல் கோடாக அடுக்கி ஒரு கனவு ஊரையே கட்டியிருக்கிறார். 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் படத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். வெளியே தோட்டத்தில் சிற்பங்கள் இருக்கின்றன. போனில் படம் எடுப்பதற்கு முன்னால் பென்சிலால் ஒன்றாவது வரையுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவை குடும்பங்கள் வாழ்கிற வீடுகள். கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்க்காதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும் கலைஞரிடம் "என் படத்தைப் பாருங்க சார்" என்று நோட்டை நீட்டாதீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நாலைந்து நாள் அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் அவர்களே வந்து பேசுவார்கள். எனக்கு அப்படித்தான் பேச்சு தொடங்கியது.

நடுவில் ஒரு நாள் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். திண்ணையும் தூணும் வரைய நல்ல இடம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, அன்றைக்கு வரைந்ததை எல்லாம் மணலில் பரப்புங்கள், காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு கல். அங்கே வரைய வருகிற வேறு பிள்ளைகள் 2, 3 பேர் எப்படியும் பழக்கமாகியிருப்பார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "சூப்பர்" என்று யாரும் சொல்லக் கூடாது. "என் கண்ணு இந்த இடத்துல நின்னுச்சு, இந்த இடத்துல வழுக்கிடுச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். படம் போட்டவர் பதில் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ஊரில் தனியாக வரைந்துகொண்டிருந்த எனக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்காதது அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் படங்களை மாடியில் நிழலான இடத்தில் ஒரு பகல் முழுக்கப் பரப்பி வையுங்கள். நம் ஊர் வறண்ட காற்று தாளில் மிச்சமிருக்கிற ஈரத்தை எடுத்துவிடும். பிறகு கனமான பலகைக்கு அடியில் 2 நாள் வைத்தால் நெளிவு போய்விடும். நோட்டை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு அப்புறம் பாருங்கள். அதே முறையில் கிருஷ்ணகிரி அணைக்கரையிலும், தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களுக்கு முன்னாலும் உட்காரலாம். காலையில் வடிவம், சாயங்காலம் வண்ணம், ஆறு மணிக்கு நாலு பேர்.

இந்த வருஷம் மே 6ஆம் தேதி ராத்திரி வண்டியில் கிளம்புகிறேன். மாம்பழம் 2 பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று பாலவாக்கத்துக்கு, இன்னொன்று வலை பின்னுகிற பெரியவர் வீட்டுக்கு.